சிவராத்திரியில் தூங்கும் ஓதுவார்

மகா சிவராத்திரியன்று முதல் காலப் பூசைக்குப் பதிகம் பாடிவிட்டு நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். மீதி மூன்று காலத்துக்கும் என்னிடம் படித்த பையன் ஒருவன் பாடுகிறான். உள்ளூர்க்காரர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் கேட்பார்கள்: "என்ன ஐயா, லிங்கோத்பவ காலத்துக்கு ஓதுவாரே இல்லையா?" ஒரு பெரியவர் சற்றுக் காட்டமாகவே கேட்டார்: "ஒரு ராத்திரி கண்விழிக்க முடியாதவர் எதுக்கு ஓய் கோயில் வேலைக்கு வந்தீர்?"

கேள்வி நியாயமானதுதான். என் பதில்தான் கொஞ்சம் நீளம்.

எனக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பைபோலார் என்று எழுதியிருக்கும். வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறோம். பல வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். ஓர் இரவு கண்விழித்தால் மற்றவருக்கு மறுநாள் கண் எரியும், மதியம் ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். எனக்குக் கண் எரியாது. அபாயமே அதில்தான் இருக்கிறது. களைப்பு தெரியாமல் அடுத்த இரவுத் தூக்கமும் போகும், அதற்கடுத்ததும் போகும், பிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும்.

மருத்துவர் இதைச் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் நான் சைவன். அதிலும் பாடிப் பிழைக்கிறவன். எனக்கு வேறொரு கேள்வி பாக்கி இருந்தது. மனத்தை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டதாகத் தினமும் சன்னதியில் நின்று பாடுகிற ஒருவன், அந்த மனத்தைச் சமனில் வைக்க மாத்திரை சாப்பிடலாமா? சாப்பிட்ட பிறகு மிஞ்சுகிற பக்தி யாருடையது?

*

பாடசாலை முடித்து வேலையில் சேர்ந்த புதிது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வருடச் சிவராத்திரிக்கு நான்கு காலமும் நானே பாடினேன். விடிந்தும் தூக்கம் வரவில்லை. குரல் திறந்துகொண்டதாகத் தோன்றியது. அதுவரை எட்டாத மேல்ஸ்தாயி கூப்பிட்டவுடன் வந்து நின்றது. கௌசிகத்துக்கு ஒரு நிறம், காந்தார பஞ்சமத்துக்கு ஒரு நிறம் என்று பண்கள் கண்ணுக்கே தெரிந்தன. நடராசர் சன்னதியில் நின்றால் அவர் என்னோடு மட்டும் பேசினார். நடுநிசியில் தேரோடும் வீதியைப் பாடிக்கொண்டே சுற்றினேன். கூட்டம் சேர்ந்தது. "அருள் வந்திருக்கு" என்றார்கள். சிலர் காலில் விழுந்தார்கள். பன்னிரு திருமுறைத் தொகுதிகளைக் கட்டுக்கட்டாகக் கடனுக்கு வரவழைத்து வீடு வீடாகக் கொடுத்தேன். மனைவியின் வளையல்களை உண்டியலில் போட்டேன்.

பிறகு எல்லாம் சரிந்தது. மாசக்கணக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தேன். குளிப்பதற்கு எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தெழுத்தைச் சொல்ல வாய் எழவில்லை. சொன்னாலும் வெறும் சத்தமாக இருந்தது. இறைவன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. காலில் விழுந்தவர்களில் ஒருவரும் அந்த மாதங்களில் எட்டிப்பார்க்கவில்லை.

இதற்குப் பெயர் இருக்கிறது என்பதே எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தூக்கம் தேவைப்படாமல், பேச்சு அடங்காமல், கையில் காசு நிற்காமல், தன்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்தால் அது மேனியா. எதிலும் பிடிப்பற்று, உடம்பும் மனமும் கனத்து, இரண்டு வாரமோ அதற்கு மேலோ கிடந்தால் மனச்சோர்வு. சிலருக்கு இரண்டும் கலந்தே வரும். உடம்பில் வேகமும் உள்ளே இருட்டும் சேர்ந்திருக்கும் அந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. பெரும்பாலோருக்குப் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ இந்த நோய் தலைகாட்டுகிறது. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஆயிரம் பேருக்கு ஐந்து பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இதற்கு ஆளாகிறார்கள். எங்கள் ஊர்த் தேருக்கு வடம் பிடிக்க வருகிறவர்களில் சிலருக்காவது இருக்கும். இரண்டு கட்டங்களுக்கும் நடுவே முழுத் தெளிவோடு வருடக்கணக்கில் வாழ்கிறோம் என்பதைத்தான் ஊர் மறந்துவிடுகிறது.

*

மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் ஆனபோது சிவஞானபோதம் பாடம் கேட்கப் போனேன். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் செய்தது, பன்னிரண்டே சூத்திரம். நான்காம் சூத்திரத்தில் ஆசிரியர் விளக்கினார்: மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் உள்கருவிகள். இவை மாயையிலிருந்து தோன்றியவை, சடம். உயிர் இவற்றுள் ஒன்றும் அன்று. அரசன் மந்திரிகளோடு கூடிக் காரியம் பார்ப்பதைப்போல உயிர் இவற்றோடு கூடித்தான் எதையும் அறிகிறது.

கூட இருந்தவர்கள் குறித்துக்கொண்டு ஐந்தாம் சூத்திரத்துக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். சித்தம் சிந்திக்கும், மனம் பற்றும், அகங்காரம் முனைந்து எழும், புத்தி தீர்மானிக்கும் என்று நூல் வரிசை சொல்கிறது. எனக்கு நடந்ததை இதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதில்லை. அந்த நாட்களில் நான்கு மந்திரிகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மனம் நொடிக்கு நூறு விஷயத்தைப் பற்றியது. அகங்காரம் எல்லாவற்றுக்கும் "நான் இருக்கிறேன்" என்று எழுந்தது. புத்தி விசாரிக்காமலே கையெழுத்துப் போட்டது. சரிந்த மாதங்களிலோ நால்வரும் சபைக்கே வரவில்லை. இரண்டு வேளையிலும் அரசன் இருந்தான். அவனால் ஆளத்தான் முடியவில்லை.

மனம் ஒரு கருவி என்றால் அதற்கு நோய் வரும். நோய் வந்தால் மருந்து உண்டு. எங்கள் கோயில் குருக்கள் கண்புரை அறுவை செய்துகொண்டு வந்தபோது, இனி இவர் செய்யும் அர்ச்சனை செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. கண்ணும் மாயையில் பிறந்தது, மனமும் மாயையில் பிறந்தது. ஒன்றுக்கு மருந்து பார்க்கலாம், மற்றதற்குக் கூடாது என்று எந்தச் சித்தாந்த நூலிலும் நான் படிக்கவில்லை.

லித்தியமும் மண்ணிலிருந்து வருவதுதான். பாறையிலும் உவர்நீரிலும் கிடைக்கிற உப்பு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சிங்கப்பூர் சாங்கி முகாமில் கைதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், 1949இல் இது மேனியாவை அடக்குவதைக் கண்டு எழுதினார். இன்றைக்கும் இந்த நோய்க்கு முதல் வரிசை மருந்துகளில் ஒன்று இது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதும் இதன் குணம். மாயையில் பிறந்த கருவிக்கு மாயையில் பிறந்த உப்பு. இதில் சமயத்துக்கு என்ன இழுக்கு என்று ஆசிரியரைக் கேட்டேன். "ஒரு இழுக்கும் இல்லை தம்பி. வேளைக்குச் சாப்பிடு" என்றார்.

அதே சூத்திரம் உயிரின் ஐந்து அவத்தைகளையும் சொல்கிறது. விழிப்பில் 35 கருவிகள் தொழிற்படும், கனவில் 25, ஆழ்ந்த உறக்கத்தில் மூன்றே மூன்று என்று உரை கணக்குப் போடும். அப்படியென்றால் உறக்கம் நூல் ஒப்புக்கொண்ட நிலைதானே என்றேன். அவர் விடவில்லை. "இருக்கிறது என்கிறது நூல். உயர்ந்தது என்று சொல்லவில்லை" என்றார். இருக்கிறது என்பதே எனக்குப் போதும். விரதம் கருவிகளை இறைவன் பக்கம் திருப்புவதற்காக ஏற்பட்டது. கண்விழித்தால் என் கருவிகள் அவன் பக்கம் திரும்புவதில்லை; தறிகெட்டு நாலாபக்கமும் ஓடுகின்றன. அப்படியிருக்க எனக்கு எது விரதம்? பத்து மணிக்குள் படுத்து, விடிய எழுந்து, குளித்து, காலைச் சந்திக்குப் பாடுவதுதான்.

பட்டினிக்கும் இதே நியாயம். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். இரத்தத்தில் அது லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது வழக்கமான அளவு, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. வாந்தி, பேதி, கைநடுக்கம், தள்ளாட்டம், குழறல் எல்லாம் வரும். அதனால் நீரும் அருந்தாத உபவாசம் எனக்கு இல்லை. சித்திரை வெயிலில் பாதயாத்திரை இல்லை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவையும் அளவை ஏற்றிவிடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடுவதில்லை. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் விரதத்தில் விலக்கு உண்டு என்பது நம் பாட்டிமார்களுக்கே தெரிந்த சாத்திரம். ரமலான் நோன்பிலும் நோயாளிக்கு விலக்கு இருக்கிறது. மனநோயாளி என்று வரும்போது மட்டும் அந்த விலக்கு நம் நினைவுக்கு வருவதில்லை.

மாத்திரை இனாமாக எதையும் தருவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஓதுவார் நிற்கும் தூணடியில் ஒரு சொம்பு தண்ணீர் எப்போதும் இருக்கும். கை லேசாக நடுங்கும். தாளத்தின் இரண்டு கிண்ணிகளும் சேரும்போது ஓசை ஒரே தட்டாக விழாமல் சிலிர்த்து விழும். நூலைக் குட்டையாக்கி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் கொஞ்சம் அடங்குகிறது. தைராய்டுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனை உண்டு. இரத்த அளவு பார்க்கிற காலை மட்டும், இரவு மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த மாத்திரை.

*

அப்படியானால் அந்த நாட்களில் நடராசர் பேசியது பொய்யா? இதைத்தான் என்னால் லேசில் கடக்க முடியவில்லை.

பெரிய புராணத்தைப் படித்துவிட்டு இதைப் பொய் என்று தள்ளுவது சுலபம் இல்லை. உடுப்பூர் வேடர் தலைவன் நாகன் மகன் திண்ணனார் காளத்தி மலையில் குடுமித்தேவரைக் கண்டதும் வீட்டை மறந்தார். இரவெல்லாம் கண் துஞ்சாமல் வில்லோடு காவல் நின்றார். கூடப் போன நாணன் ஊருக்கு ஓடி வந்து சொன்னான். தகப்பன் தேவராட்டியை அழைத்துக்கொண்டு மலையேறினான், இருவரும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தும் மகன் அசையவில்லை, திரும்பிவிட்டார்கள். இன்றைக்கு ஒரு குடும்பம் மகனைக் குறிகாரியிடமும் பிறகு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போகிற கதைதான். தூக்கம் இல்லை, ஊர் நினைவு இல்லை, செய்கிற பூசையில் முறை இல்லை. சேக்கிழார் அவரைக் கண்ணப்பர் என்று கொண்டாடுகிறார். நான் எந்தக் கணக்கில் வருவேன்?

ஒரு வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. கண்ணப்பர் கொடுத்தது தன் கண்ணை. நான் கொடுத்தது மனைவியின் வளையலை. இது என் மேல் பழி போடுவதற்காகச் சொல்வதல்ல. மேனியாவில் கொடை பெருகும், ஆனால் எது தன்னுடையது, எது பிறருடையது என்கிற எல்லை அழிந்துபோகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு சான்றும் கைவசம் உண்டு. அந்த நாட்களில் அன்பர் ஒருவர் நான் பாடியதைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். தெளிந்த பின் கேட்டேன். சுருதி ஏறிக்கொண்டே போகிறது. ஒரு பதிகத்தில் தொடங்கி இன்னொன்றில் முடித்திருக்கிறேன். பண் நடுவழியில் மாறுகிறது. திறந்துகொண்டதாக நான் நினைத்த குரல் பாதி இடத்தில் கிழிந்திருக்கிறது. ஆனால் ஓரிடத்தில், அப்பர் பதிகம் ஒன்றின் கடைசிப் பாட்டில், அதற்கு முன்னும் பின்னும் நான் பாடியிராத ஒரு சங்கதி விழுந்திருக்கிறது. என்னிடம் படிக்கும் பையன் அதைக் கேட்டுவிட்டு "இதை எனக்குச் சொல்லிக் கொடுங்க ஐயா" என்றான். சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவன் சமனான சுருதியில், நன்றாகவே அதைப் பாடுகிறான்.

ஆக, முழுவதும் குப்பை என்று சொல்ல மாட்டேன். எது சங்கதி, எது கிழிசல் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். உள்ளே இருக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒளிர்கின்றன. வெளியே நின்று கேட்கிற காது வேண்டும். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், ஞானம் பெற்றவனும் அன்பரோடு கூடியிருக்க வேண்டும் என்கிறது. ஞானிக்கே துணை வேண்டும் என்றால் எனக்கு வேண்டாமா?

வெளியே நிற்பவர்களுக்கும் ஒரு சொல். சாமியாடுகிறவர் கற்பூரம் காட்டியதும் மலையேறிவிடுவார். மறுநாள் கடையைத் திறந்து வியாபாரம் பார்ப்பார். அவரை நோயாளி ஆக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே, ஒருவருடைய நம்பிக்கை ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. ஆனால் ஒருவர் நாள்கணக்கில் தூங்காமல், இறங்காமல், செலவழித்துக்கொண்டே இருந்தால், காலில் விழாதீர்கள். வீட்டுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

*

சரிந்து கிடந்தபோது உறவினர் ஒருவர் வந்து ஆறுதல் சொன்னார்: "எல்லாம் முன்வினை. அனுபவிச்சுத்தான் தீரணும்." நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு என் மனைவிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் துணிவு வர இன்னும் சில வாரங்கள் பிடித்தன.

வினையை நான் மறுக்கவில்லை. மறுத்தால் சைவன் இல்லை. ஆனால் இந்தப் பேச்சுக்கு ஞானசம்பந்தரே பதில் சொல்லிவிட்டார். கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. அந்த நாட்டு இயல்பு அது என்றார்கள். அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம், முதல் திருமுறையில் 116ஆவது. இந்த வினைக்கு இந்தப் பலன் என்று கணக்குச் சொல்லத் தெரிந்தவர்கள், தப்பிக்கும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருந்தால் அது அவர்களுக்குத்தான் குறை என்று தொடக்கத்திலேயே இடிக்கிறார். பாட்டுக்குப் பாட்டு வினை தீண்டாது என்று ஆணையிடுகிறார். வினைக் கொள்கையை வைத்துக்கொண்டே கைகட்டி உட்காருவதைக் கண்டித்த பதிகம் இது. நோயாளி வீட்டுக்குப் போய் முன்வினை என்கிறவர்கள் ஒருமுறை அதை எடுத்துப் படிக்கலாம்.

கோயிலுக்கு அழைத்துப்போவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். திருச்சிக்கு அருகே காவிரிக்கரையில் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம் தங்கவைப்பது பழைய வழக்கம். 2002இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தனிச் சடங்கு ஏதும் இல்லை. கூடவே வீட்டு ஆள் ஒருவர், எளிய கோயில் வேலைகள், விரட்டாத சூழல். சில வாரங்களில் நோய்க்குறிகள் சுமார் 20 விழுக்காடு குறைந்திருந்தன. சிறிய ஆய்வு, அதில் பைபோலார் உள்ளவர்கள் இருவர்தான். ஆனாலும் கூட ஒரு ஆள் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியில்லாமல் இறந்தார்கள். தர்காவில் நோய் தீரும் என்று நம்பி அந்த ஊருக்கு அழைத்துவரப்பட்டவர்கள். நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை. நம்பிக்கையின் பேரில் விட்டுவிட்டுப் போனதும் சங்கிலியும்தான் கொன்றன. இன்றைய சட்டம் சங்கிலி போடுவதை எந்த வடிவத்திலும் தடை செய்திருக்கிறது.

*

புத்தகக் கடைக்காரர் கடனைக் கேட்டு வந்தபோது எழுந்தது அடுத்த கேள்வி. வாங்கியது நானா, நோயா?

நோய் என்று சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்? அவர் கொடுத்த சரக்கு உண்மை. நான் என்று சொன்னால், அத்தனை பித்தும் என் குணம் என்றாகிவிடுகிறது. மந்திரிகள் கெட்டுப்போன காலத்தில் போட்ட உத்தரவுக்கு அரசன் பொறுப்பா? நானும் மனைவியும் பேசிப்பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். விளைவு என்னுடையது; பழி என்னுடையது இல்லை. கடனைத் தவணையாகக் கட்டினேன். அந்த நாட்களில் நான் வைதவர்களிடம் போய்ப் பேசினேன். ஆனால் "இவன் சுபாவமே இப்படி" என்று யாராவது சொன்னால் மனைவி விடமாட்டாள்.

எதிர்ப்பக்கமும் ஒரு தொல்லை உண்டு. நோய் தெரிந்த பிறகு என் எல்லா உணர்ச்சிக்கும் நோயே காரணம் ஆகிவிட்டது. சம்பள பாக்கிக்காகக் கொஞ்சம் குரலை உயர்த்தினால், "மாத்திரை போட்டீங்களா?" நல்ல கச்சேரி கேட்டுக் கண் கலங்கினால் அதே கேள்வி. பைபோலார் உள்ள யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எங்களுக்கும் நியாயமான கோபம் வரும், காரணத்தோடு அழுகை வரும். ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது என்கிறது நான் மேலே சொன்ன சட்டம்.

அதற்காக வீட்டில் ஓர் ஏற்பாடு. மாத காலண்டரில் பால் கணக்குக்குக் கீழே மனைவி என் தூக்கத்தை எழுதுகிறாள். ஏழு, ஏழரை, ஆறு. என் முகத்தைப் பார்த்தோ குரலைக் கேட்டோ அவள் தீர்ப்புச் சொல்வதில்லை. எண் நாலுக்குக் கீழே இரண்டு நாள் இறங்கினால், "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்பாள். நான் மறுபேச்சுப் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். சட்டம் தரும் முன்கூட்டிய அறிவுறுத்தலையும் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குத் திறன் குன்றும்போது எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் பேசும் பிரதிநிதி யார் என்பதைத் தெளிவான காலத்தில் எழுதிவைக்கும் உரிமை அது. உயிருக்கு ஆபத்தான அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது, மற்றதற்குச் செல்லும்.

இன்றைய நான் நாளைய என்னைக் கட்டுப்படுத்த என்ன அதிகாரம் என்று என் மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. தெளிவில் இருப்பவன் உயர்ந்தவன், கலக்கத்தில் இருப்பவன் தாழ்ந்தவன் என்பதற்காக நான் அதை எழுதவில்லை. தெளிவில் இருப்பவனுக்கு இருவரையும் தெரியும். கலக்கத்தில் இருப்பவனுக்குத் தன்னை மட்டுமே தெரியும்.

*

துணை நிற்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் திலகவதியாரைக் காட்டுவேன். தம்பி சூலை நோயில் துடித்து, அக்காவை வரச்சொல்லி ஆள் அனுப்புகிறார். அக்கா அவர் இருக்கும் சமண மடத்துக்கு வர மறுத்துவிடுகிறார். ஆனால் இரவோடு இரவாகத் தம்பியே திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, பழைய கதை ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்துத் தூக்கி, திருநீறு கொடுத்து, கோயிலுக்குள் அழைத்துப் போகிறார். அங்கிருந்துதான் நமக்கு அப்பர் கிடைத்தார். எது தன்னால் முடியாது என்று சொல்லவும் அவருக்குத் தெரிந்திருந்தது, வந்தவனுக்குக் கதவைத் திறக்கவும் தெரிந்திருந்தது. மேனியாவில் இருப்பவரோடு வாதாட வேண்டாம். நகையையும் பேங்க் கார்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, தூங்கவும் மருத்துவரைப் பார்க்கவும் வழி செய்தால் போதும். சரிந்து கிடப்பவருக்கு உபதேசம் வேண்டாம். சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருக்கிறது என்றால் தனியே விடக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சித்தாந்தம் எனக்குக் கடைசியாகத் தந்தது இது. இறைவன் உயிரோடு பிரிப்பின்றி நிற்கிறான்; உயிர் அதை உணர்வதும் உணராததும் கருவிகளைப் பொறுத்தது. அப்படியென்றால் அந்த வீதியில் நான் கொண்ட பேரானந்தம் அவன் வந்ததற்குச் சான்று இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த மாதங்களின் வறட்சி அவன் போனதற்கும் சான்று இல்லை. என் உணர்ச்சியை வைத்து அவனை அளக்க முடியாது. மாத்திரை சாப்பிட்ட பிறகு மிஞ்சுகிற பக்தி சின்னதாக இருக்கலாம், அதில் நிறங்கள் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அது தினமும் காலைச் சந்திக்கு எழுந்து வருகிறது.

இதை நான் சரிந்து கிடக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாது. அப்போது புத்தி சபையில் இருக்காது. வேறொருவர் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். சமயத்தை அடியார் கூட்டமாக நம் முன்னோர் அமைத்ததற்கு என்னளவில் இதுதான் காரணம். தனி ஆளாக இருந்திருந்தால், என் மனம் அன்றன்றைக்குச் சொன்னதுதான் எனக்குக் கடவுள் ஆகியிருக்கும்.